ஒரு கட்டத்துக்குள் இரண்டு பெயர்

"அப்பன் பேருக்குக் கட்டம் விட்டிருக்கான், அம்மா பேருக்கு விடலை. எங்கம்மாவை நான் எங்க உக்கார வைக்கிறது?"

காலை எட்டு மணிக்குக் கணினியைத் தட்டி எழுப்பும்போதே நெரெய்தா இதைச் சொல்லிவிடுவாள். முதல் ஆள் வந்து பெயர் சொன்னதும் இன்னொரு தடவை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு, வரிசை முழுக்க நனைந்த செருப்போடு உள்ளே ஒதுங்கும்போது மறுபடியும் ஒரு தடவை. மலையடிவாரக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் மணி அடிக்கத் தேவையில்லை. அவள் புலம்பலை வைத்தே நேரம் சொல்லிவிடலாம்.

புவெர்த்தோ ரிக்கோவில் பிறந்த எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர் உண்டு. முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. இவள் நெரெய்தா சோத்தோ இரிசாரி. ஆனால் தீவு அமெரிக்காவின் கீழ் இருப்பதால் உதவித்தொகை விண்ணப்பம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயரே போதும். அரசாங்கம் கொடுத்த சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் என்ன இருக்கிறதோ, அதே எழுத்து, அதே இடைவெளி. ஓர் எழுத்து கூடினாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். நெரெய்தாவின் அட்டையில் சோத்தோ மட்டும்தான். எந்தக் குமாஸ்தா எந்தக் காலத்தில் இரிசாரியை விழுங்கினானோ, தெரியாது. சோத்தோ என்கிற அந்த மனிதர் இவளுக்கு நாலு வயதாகும்போது நியூயார்க் போனவர்தான். பெயரை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

நெரெய்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிள்ளைகள் மூன்று பேரும் ஒர்லாந்தோவில். வீட்டில் சட்டிபானை குறைந்ததும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சமூகப்பணிப் படிப்பு, இது கடைசி வருடம். காலையில் இந்த ஜன்னலில் வேலை, சாயங்காலம் வகுப்பு. படித்துக்கொண்டே கல்லூரிக்குள் வேலை பார்க்கும் திட்டத்தில் நூலகம், தோட்டம், விளையாட்டு அறை என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். இவளை இங்கே போட்டார்கள். போட்டவர்களுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

பிஸ்கட் டப்பாவில் பென்சில்கள், பிளாஸ்கில் கறுப்புக் காப்பி. காப்பி எல்லாருக்கும் உண்டு, அட்டையின் நகல் கொண்டுவராதவர்களுக்கு மட்டும் கிடையாது.

"வீட்ல எத்தனை பேரு?"

"பதினொண்ணு, தோன்யா." வயதில் மூத்தவளை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது.

"தூங்கறவங்களா, திங்கறவங்களா?"

பையன் தலையைச் சொறிவான். "திங்கறவங்க."

"தூங்கறவங்களை மட்டும் சொல்லு, ராசா. பக்கத்து வீட்டு மாமா உங்க வீட்டுச் சோத்தைத் திங்கறதுக்கெல்லாம் அரசாங்கம் கணக்கு வெச்சுக்காது."

அடுத்து வேலை. எங்கே வேண்டும் என்று கேட்டால் நூறில் தொண்ணூறு பேர் நூலகம் என்பார்கள்.

"ஏசி இருக்குன்னுதானே? அங்க தூங்கறதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. தோட்டத்துல இடம் காலி. மண்வெட்டி பிடிப்பியா, இல்ல அதையும் அம்மாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுவியா?"

திட்டிக்கொண்டேதான் நிரப்பிக் கொடுப்பாள். ஒரு விண்ணப்பத்தைக்கூட அரைகுறையாகப் போக விட்டதில்லை. "அட்டையில உள்ளதை எழுது. வீம்பை வீட்ல வெச்சுட்டு வா" என்பாள். அம்மா பெயரை அழிக்க மனசில்லாமல் தயங்குகிற பிள்ளைகளைப் பார்த்து அந்தப் பழைய புலம்பலை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அப்போது ஜன்னலோர நாற்காலியைக் கையால் காட்டுவாள்.

அந்த நாற்காலியில் அம்மா எல்பா இரிசாரி நிஜமாகவே உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அவளைத் தனியாக விட முடியாமல் போயிற்று. பழைய கொரோலாவில் மகளோடு மலையிறங்கி வருவாள். மடியில் கைப்பை, கையில் அட்டை விசிறி, வரிசையில் நிற்பவர்கள் மேல் கண். "இந்தப் பய முடியே வெட்டலை. இவனுக்குக் குடுக்காத, நெரெய்தா." அந்தப் பயலுக்கே ஐந்து நிமிடம் கழித்துப் பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டுவாள். இரண்டு வருடம் அப்படி ஓடியது.

மார்ச்சில் எல்பா போய்விட்டாள். நாற்காலி அங்கேயே இருக்கிறது. மணிக்கணக்காக நின்று கால் வலித்தாலும் வரிசையில் ஒருவரும் அதில் உட்காருவதில்லை. சுவரில் சாய்ந்துகொள்வார்கள்.

திங்கட்கிழமைதோறும் திரும்பி வந்த விண்ணப்பங்களின் பட்டியலை நெரெய்தா ஜன்னலில் நின்று உரக்கப் படிப்பாள். யார் யார் எதைக் கெடுத்தார்கள் என்று கூடவே சொல்வாள். அதைக் கேட்கவே சிலர் வருவார்கள்.

"பெரெஸ், பிறந்த தேதி தப்பு. ஏண்டா, பிறந்தப்போ நீ அங்க இல்லையா? மத்தோஸ், கையெழுத்து இல்லை. அப்புறம்... சோத்தோ, நெரெய்தா. பெயர் பொருந்தவில்லை."

கூடம் குபீரென்று சிரித்தது. தாதிப் படிப்பு படிக்கிற யாரெலிஸ் விடவில்லை. "தோன்யா! உங்கம்மாவை எங்க உக்கார வெச்சீங்க?" என்று கத்திவிட்டாள். கத்தி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் அம்மாவும் எல்பாவின் சாவுக்குப் போய் வந்தவள்தான்.

நெரெய்தா தாளை மடித்து வைத்தாள். அடுத்த பெயரைப் படிக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். ஏப்ரலில் தன் விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த ஒரே கட்டத்துக்குள் சோத்தோவுக்குப் பக்கத்தில் இரிசாரியையும் எழுதிவிட்டாள். தெரியாமல் செய்யவில்லை. திரும்பி வரும் என்று இந்தத் தீவிலேயே அதிகம் தெரிந்தவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் இந்த வருட வேலைப் பட்டியலில் பெயர் இருக்காது. வேலை இல்லையென்றால் வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. வண்டி ஓடாவிட்டால் மலையிறங்கி வர வழி இல்லை. கடைசி வருடம் பாதியில் நிற்கும். அலுவலக அதிகாரி மிஸிஸ் அவிலெஸ் செவ்வாய்க்கிழமை சொல்லிப் பார்த்தாள். புதன்கிழமையும் சொன்னாள். "ரெண்டு நிமிஷ வேலை, நெரெய்தா. நீங்களே தினம் அம்பது பேருக்குப் பண்றீங்க."

"பண்றேன், மிஸிஸ். இந்தாளு வருமானவரிப் பத்திரம் கொண்டு வந்திருக்கான், அதைப் பாத்துட்டுப் பண்றேன்." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் தன் விண்ணப்பத்தைத் திறந்தாள். திறந்த மாத்திரத்தில் கரண்ட் போனது. வரிசை முழுவதும் ஒரே குரலில் "போச்ச்ச்சு!" என்றது. எங்கள் ஊரில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற ஒரே பாட்டு அது.

"சரி. விதி அப்படின்னா அப்படி" என்று நெரெய்தா பிளாஸ்கைத் திறந்தாள். குரலில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. யாரெலிஸுக்கு அது பொறுக்கவில்லை. ஜன்னலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, தன் போனை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல பண்ணுங்க."

"எழுத்து பொடிசா இருக்கு. கண்ணு தெரியலை."

"நான் படிக்கிறேன். நீங்க அழுத்துங்க."

பெயர்க் கட்டம் வந்தது. நெரெய்தாவின் விரல் அதன் மேல் நின்றது.

"ஓடிப்போனவனுக்கு இடம் இருக்கு. என்னைச் சுமந்தவளை நானே என் கையால அழிக்கணுமா?"

"தோன்யா, நான் ஒண்ணு கேக்கறேன், திட்டக் கூடாது. பட்டத்துல என்ன பேரு போடுவாங்க?"

நெரெய்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது வாஷிங்டன் போடற தாள் இல்ல, நம்ம கல்லூரி போடறது. பிறப்புச் சான்றிதழ்ல உள்ளபடி ரெண்டு பேரும் வரும். எங்கக்கா பட்டத்தை நான் தினம் தூசி தட்டறேன், எனக்குத் தெரியாதா? இந்தக் கட்டத்துல பிடிவாதம் பிடிச்சீங்கன்னா அந்தத் தாள் வராது. அப்புறம் உங்கம்மா நிஜமாவே எங்கயும் உக்கார முடியாது."

"வாய்டி உனக்கு" என்றாள் நெரெய்தா. அப்புறம் ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து, இரிசாரியை அழித்தாள். ஆங்கில எழுத்தில் எட்டுத் தட்டு, அதற்கு முன்னால் இருந்த இடைவெளிக்கு ஒன்று. அனுப்பும்போது மணி பதினொன்று ஐம்பத்தாறு. கரண்ட் பன்னிரண்டேகாலுக்கு வந்தது, யாருக்கும் பிரயோஜனமில்லாமல்.

வரிசை கைதட்டியது. நெரெய்தா அவர்களை நகல் எடுத்துவரச் சொல்லித் துரத்திவிட்டு, மேஜை இழுப்பறையில் ஒட்டுநாடாவைத் தேடினாள். ஒரு துண்டைக் கிழித்து, அதில் தடித்த பேனாவால் இரிசாரி என்று எழுதினாள். ஜன்னலோர நாற்காலியை இழுத்துத் தன் மேஜைக்கு எதிரே போட்டு, அதன் முதுகில் ஒட்டி, நகத்தால் நாலு ஓரமும் அழுத்தினாள்.

"யாரெலிஸ், வா. நின்னுக்கிட்டே என்ன பேச்சு? உக்காரு."

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போய் அவளைப் பாருங்கள். பிள்ளை இல்லாவிட்டாலும் போங்கள், காப்பி நன்றாக இருக்கும். அட்டை நகலை மறக்காதீர்கள். நாற்காலியில் உட்காரச் சொல்வாள், உட்காருங்கள். ரொம்பச் சாய்ந்துவிடாதீர்கள், அந்த நாடா உரிந்து வரும்.