பூமாதேவியை இரண்டாவது கம்பியாக்கிய கந்தவேல்

பரமத்தி வேலூர்ப் பக்கத்து வயர்மேன் கந்தவேலுக்கு மாரியம்மன்மேல் பக்தி அதிகம். சிக்கனத்தின்மேல் அதைவிட அதிகம். இரண்டு கம்பி போக வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் இழுத்து, மற்றதற்குப் பதிலாக மண்ணில் ஓர் இரும்புக் குச்சியை அடித்துவிடுவார். எங்கள் பக்கத்து மோட்டார்க் கொட்டாய் விளக்குகள் பாதி இப்படித்தான் எரிந்தன.

"பூமாதேவி சும்மாத்தானுங்க கெடக்கறா. அவளும் ஒரு கம்பிதானுங்களே" என்பார்.

எண்பத்தேழில் அவர் ஆற்றோரத்துச் சர்க்கரை ஆலையில் தற்காலிக வேலையில் இருந்தார். எடை மேடைகளிலிருந்து ஆபீசுக்குக் கரும்பின் எடையைக் கம்பியிலேயே அனுப்பும் பெட்டிகள் அப்போது வந்திறங்கின. "கம்பியை ஒழுங்கா இழுத்துக் குடு. பொங்கலுக்குள்ள உன்னைப் பர்மனெண்ட் பண்ணீர்றேன்" என்றார் மேனேஜர் தீர்த்தகிரி. கந்தவேல் வேண்டாத சாமியில்லை.

பெட்டியோடு வந்த பெங்களூர் என்ஜினீயர், "இதுக்குப் பேரு பஸ்" என்று ஆரம்பித்தார்.

"கம்பிமேலயுங்களா? ஸ்டாப்பு எத்தனைங்க?"

"எடை மேடை ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டாப்புதான். பழைய முறையில மண்ணை வெச்சு வோல்ட்டை அளப்போம். பன்னெண்டு வோல்ட் அனுப்பினாலும் அம்பது அடிக்கு மேல நம்பிக்கை இல்லை. இதுல ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாக்கும். கால் வோல்ட் போதும், முக்கா மைல் போகும். பரிசல்ல ரெண்டு பேர் நிக்கறாங்க. ஆத்துல தண்ணி ஏறினா ரெண்டு பேரும் சேந்துதானே ஏறுவாங்க? யாரு எவ்வளவு உசரங்கறது மாறாது. அதனாலதான் இந்த வயர்ல ரெண்டு கம்பியையும் பிரியாம முறுக்கியிருக்கு."

கந்தவேல் பிரசங்கம் கேட்பவர்போல் தலையாட்டினார். என்ஜினீயர் ஊருக்குப் போனதும் வயர்ச் சுருளை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பாப்பாயி ஜடையைப் பிரிப்பதுபோல் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தாள். ஒரு கம்பி ஆலைக்குப் போயிற்று. இரு முனையிலும் குச்சி அடித்தார். மிஞ்சிய கம்பியில் மாரியம்மன் கோயிலுக்குச் சீரியல் விளக்குக் கட்டி, 'உபயம்: கந்தவேல், மின் நிபுணர்' என்று பலகையும் மாட்டினார். ஆலைச் சொத்து என்பது அம்மனுக்குத் தெரிந்துதான் இருக்கும். பொறுத்துக்கொண்டாள்.

பூசணிக்காய் உடைத்து அரவை தொடங்கினார்கள். பெரிய மோட்டார் உறுமியதும், மேடையில் நின்ற காலி வண்டிக்கு ஆபீஸ் பெட்டி எட்டு டன் காட்டியது.

வண்டிக்காரர் காத்தான் கும்பிட்டார். "இதையே எழுதிக்குங்க சாமி. வேணும்னா மாட்டையும் சேத்துத் தாரேன்."

என்ஜினீயரைத் திரும்ப வரவழைத்தார்கள். கம்பியைப் பார்த்தவர், "முறுக்கு எங்கப்பா?" என்றார்.

"கடையில வாங்கியாரட்டுங்களா?"

"வயர்ல இருந்த முறுக்கு."

"அதுங்களா. ஒரே சிக்கலா இருந்துச்சு, பிரிச்சுப்போட்டனுங்க. இன்னொண்ணுக்குத்தான் மண்ணு இருக்குதுங்களே."

"இந்த மண்ணும் ஆபீஸ் மண்ணும் ஒண்ணா? மோட்டார் ஓடினா ரெண்டுக்கும் நடுவுல மூணு வோல்ட் நிக்குது. கால் வோல்ட் பேச்சு அந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

தீர்த்தகிரி குறுக்கிட்டார். "சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கம்பியும் இங்க இருக்கோணும். இல்லீன்னா பர்மனெண்ட்டை மறந்துரு."

கந்தவேல் கோயிலுக்கு ஓடினார். பூசாரி சடையன் ஒரேயடியாக மறுத்தார். "உபயத்தைத் திருப்பிக் கேட்டா ஆத்தா கண்ணைக் குத்தீருவா. வேணும்னா பூ கேளு. வெள்ளை வந்தா எடுத்துக்க, செவப்பு வந்தா ஊட்டுக்குப் போ."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன் வைத்தார். கந்தவேல் கண்ணை மூடி ஒரு பொட்டலம் எடுத்தார். சிவப்பு.

"கை கழுவலீங்க" என்று கழுவிவந்து எடுத்தார். அதுவும் சிவப்பு.

"பொட்டலம் சரியா மடிக்கலீங்க" என்று தாமே மடித்தார். அம்மனுக்கும் வேறு பக்தர்கள் காத்திருந்திருப்பார்கள். வெள்ளை வந்தது.

"பிரிச்சதும் நானு, பின்றதும் நானுங்களா?" என்று முனகியபடியே பாப்பாயி கோயில் கம்பியையும் ஆலையில் கழற்றிவந்த கம்பியையும் சேர்த்து முறுக்கிக் கொடுத்தாள். இருட்டுமுன் கம்பி ஏறியது. மோட்டார் உறுமியும் எடை அசையவில்லை.

பொங்கலுக்கு முன்பே உத்தரவும் வந்தது. சொன்னபடி பர்மனெண்ட்தான், ஆலைப் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. கம்பி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று தீர்த்தகிரி வாயாலும் சொல்லியனுப்பினார்.

"எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு ஆத்தாகிட்டக் கேக்காம உட்டுட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே கந்தவேல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.