தீபாவளிக்கு மறுநாள் மழை

அந்த மழையைப் பட்டியலிலிருந்து நீக்கியது நான்தான். காரணங்களை வரிசையாக எழுதியும் வைத்திருந்தேன். ஒன்று, அது சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் பதிவானது. இரண்டு, தீபாவளியன்றைய கட்டம் காலி. மூன்று, அதே நாளில் தஞ்சாவூரில் அதில் பாதிகூடப் பெய்யவில்லை. பண்டிகையன்று மழைமானிப் பக்கம் யாரும் போகாமல், இரண்டு நாள் மழையையும் மறுநாள் ஒன்றாக எழுதிவிடுவது டெல்டாவில் புதிதல்ல. ஐப்பசி மழையும் தீபாவளியும் சேர்ந்துதானே வருகின்றன.

கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு வடிகால் வாய்க்காலில், தண்ணீர் போக ஒரே திறப்பு உள்ள பழைய ஒற்றைக் கண் மதகை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டும். எத்தனை கண் என்பதற்கு மழைக் கணக்கு போடுவது என் வேலை. அந்த ஒரு நாளை நீக்கினால் இரண்டு கண் போதும், சேர்த்தால் மூன்று. இரண்டு என்று கொடுத்துவிட்டேன். புரட்டாசி பிறந்திருந்தது. மறுநாள் காலை வேலை தொடங்குவதாக ஏற்பாடு.

அறிக்கையில் சேர்க்க மழைமானியின் புகைப்படம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மதியம் போனேன். அதைப் பார்த்துக்கொள்பவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மதகுக்கு மேல்புறம் அவருக்கு அரை ஏக்கர் சம்பா வயல் இருந்தது. படம் எடுத்தபடியே, தீபாவளிக்கு லீவு விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன்.

“லீவா? எண்ணெய் தேச்ச தலையோட வந்து அளந்தேங்க. எனக்குப் பலகாரம் வைக்காம மழைமானிப் புட்டியைப் பாக்க ஓடிட்டான்னு வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுறாரு.”

அந்த மழை பெய்த வருடத்தைச் சொன்னேன். பக்கத்து அறைக்குள் போய் நோட்டை எடுத்து வந்தார். தீபாவளி காலை எட்டரை மணிக்கு ஓர் எண் இருந்தது. மறுநாள், நான் நீக்கிய அதே எண். புட்டி வழிந்துவிடாமல் இடையிடையே மூன்று முறை அளந்து கொட்டியதன் கூட்டல் பக்கத்திலேயே இருந்தது. காலிக் கட்டம் எங்கள் சிறிய நிறுவனத்தில் தட்டச்சு செய்தபோது விழுந்தது. அது ஒரே நாள் மழைதான்.

“ஏங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தப்பா எழுதிட்டேனா?”

“நீங்க இல்லக்கா, நான்.”

எங்கள் குழுத் தலைவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

“மலையா, மேடா? வெறும் வயக்காடு. அங்க எப்படிம்மா இவ்வளவு பெய்யும்?” என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலைச்சரிவில் ஈரக்காற்று மேலே ஏறியாக வேண்டும். பெருமழை அடிக்கடி வரும், பெரிய எண்கள் பட்டியலில் அருகருகே நிற்கும். இங்கே பல வருடங்கள் சாதாரணமாகப் போகும். பிறகு ஒரு தாழ்வு மண்டலம் கரையோரம் நகராமல் நிற்கும். கடற்காற்று நிலத்தைத் தொட்டதும் வேகம் குறைந்து குவிய, மேகம் கரையிலேயே கொட்டிவிடும். தனியாக நின்றதால் அந்த எண்ணைப் பொய் என்றேன். இந்தக் கரையில் பெருமழை அப்படித்தான் வரும். தரையும் தட்டை, கடல் ஓதம் ஏறினால் வாய்க்கால் வடியாது.

இதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

“மூணுன்னா புது வரைபடம், புது ஒப்புதல். மழைக்கு முன்னாடி நடக்காது. இந்த வருஷம் பழைய ஒத்தைக் கண்ணுதான். யோசிச்சு அஞ்சு மணிக்குள்ள எழுதி அனுப்பு.”

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். “ரெண்டுன்னா நாளைக்கே ஆரம்பிப்பாங்க. ஆனா அந்த மாதிரி மழைக்குப் பத்தாது,” என்றேன்.

“இந்த வருஷம் அப்படிப் பெய்யுமா?”

“தெரியாதுக்கா. எந்த வருஷம்னு கணக்கு சொல்லாது.”

“ரெண்டு கட்டிட்டா, அப்புறம் மூணாவது வைப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“முங்கினா முதல்ல என் வயலுதான். அந்த மழையையும் நானே அளந்து எழுதணும், பாருங்க.”

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தேன். மூன்று கண் என்று எழுதி, நீக்கியது என் தவறு என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். நோட்டை வாங்கிக்கொண்டு, வரப்பை உயர்த்த நாளைக்கு ஆள் கிடைக்குமா என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.