எட்டணா எடுத்துக்கொண்ட மெஷின்

எங்கள் சித்தப்பா வாங்கி வந்த எதுவும் ஓடியதில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் கடை ஒன்றில் அவருக்கு வேலை. இனி தேறாது என்று கடைக்காரர் ஒதுக்குவதெல்லாம் விம்கோ நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒருமுறை பித்தளையில் பெரிய கப்பல் கடிகாரம் வந்தது. அதில் முள் இல்லை. அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு பழைய இரும்புக்காரரிடம் போட்டு பிளாஸ்டிக் குடமாக மாற்றிக்கொள்வாள். எங்கள் வீட்டில் குடத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை, தண்ணீருக்குத்தான் வந்தது.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்பாடி வண்டியில் கயிற்றால் கட்டிய பெரிய பெட்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. என் உயரம் இருக்கும். முகத்தில் டி.வி. மாதிரி ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே வரிசையாகப் பொத்தான்கள், அடியில் பளபளப்பான எவர்சில்வர் தட்டு.

“இன்னா தம்பி இது, பீரோவா?” என்றாள் அம்மா.

“கப்பல்ல வெள்ளக்காரன் ஆடுற வீடியோ கேமு அண்ணி. புள்ளைங்க ஆடட்டும்னு எட்டாந்தேன்.”

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த அக்கா, கண்ணாடியில் இருந்த இங்கிலீஷைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “இது சூதாட்ட மெஷினும்மா. காசு போட்டு பட்டன அமுக்கினா படம் சுத்தும். மூணும் ஒரே படமா நின்னா காசு கொட்டும்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “வெளக்கு வெக்கிற எடத்துல சூதாட்டமா? நாயித்துக்கெயம இது இங்க இருக்கக் கூடாது, சொல்ட்டேன்.”

அக்கா சிரித்து நான் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. அவளுடைய பரீட்சை முடிவு வந்திருந்தது. பிராக்டிகலில் ஃபெயில். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அதற்காகக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்கா சண்டையாவது போட்டிருப்பாள். அவர் மிகவும் அன்பாக, “உனக்கு வரலன்னா வுட்டுடும்மா, கஷ்டப்படாத” என்று சொல்லிவிட்டு, அம்மா வேலை செய்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டும் வேலைக்கு அவளைச் சேர்க்க சூப்பர்வைசரிடம் பேசி முடித்துவிட்டார்.

சித்தப்பா மெஷினின் ஒயரைக் கையோடு பிளக்கில் சொருகினார். டப்பென்று ஒரு சத்தம். எங்கள் வீடும், அதே வரிசையில் இருந்த எல்லா வீடுகளும் இருண்டன. நாலா பக்கமிருந்தும் சித்தப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். யார் வேலை என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

“சவுண்டு வந்துச்சில்ல? அப்ப உயிரு கீதுன்னு அர்த்தம்” என்றார் சித்தப்பா.

அக்கா டார்ச்சோடு மெஷினுக்குப் பின்னால் போய் ஒரு சின்னத் தகட்டைப் படித்தாள். “சித்தப்பா, இது பாதி கரண்ட்ல ஓடுற மெஷின். நாம டபுளா குடுத்துட்டோம்.”

“டபுளா குடுத்தா நல்லா தெம்பா ஓடாதாம்மா?”

அப்பா வேலை முடிந்து வந்தபோது அக்கா மெஷினின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். “பியூஸுதாம்பா போயிருக்கு. மத்ததெல்லாம் பொழச்சினு கீது” என்றாள். பிறகு தலையை வெளியே எடுக்காமலே கேட்டாள்: “இது ஓடுச்சுன்னா அந்த பிராக்டிகல மறுபடி எழுதட்டுமாப்பா?”

அப்பா மெஷினைப் பார்த்தார். அதைக் கொண்டுவந்த தம்பியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “ஓடுச்சுன்னா எழுதிக்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலை சித்தப்பா கரண்டைப் பாதியாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். அது வேலை செய்தது. சித்தப்பா கொண்டுவந்த பொருள் ஒன்று வேலை செய்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவரே கொஞ்சம் பயந்துபோனார். அக்கா பியூஸை மாற்றியதும் மெஷினின் உச்சியில் விளக்கு எரிந்தது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அக்கா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். “கரண்ட எட்த்தப்புறமும் பிக்சர் டியூபு உள்ள கரண்டு நிக்கும். யாரும் கைய வெக்காதீங்க.” ஸ்க்ரூடிரைவரில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, டியூபின் கழுத்துப் பக்கமிருந்த ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாகச் செருகினாள். டிக்கென்று நீலமாக ஒரு பொறி பறந்தது. சித்தப்பா தெருவில் இருந்தார். எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு போர்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் அதைக் கீழே வைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டு ஒரு இடத்தைக் காட்டினாள். ஈயப் புள்ளி ஒன்றைச் சுற்றி, நகத்து அழுக்குபோல மெல்லிசாக ஒரு கறுப்பு வளையம். “பாத்தியா? ஒட்டியிருக்க மாதிரி தெரியுது, ஆனா ஒட்டல. இங்கதான் உட்டுப்போச்சு.” சூட்டுக்கோலால் உருக்கி அவள் முதலில் வைத்த ஈயம் கோலிக்குண்டு மாதிரி உருண்டு நின்றது. அதை உருக்கி எடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது. இந்தமுறை அது பளிச்சென்று படிந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் திரையில் செர்ரிப் பழமும் மணியும் வந்தன. நான் போட்ட கூச்சலில் தெருவில் இருந்த சித்தப்பா உள்ளே வந்துவிட்டார். ஆனால் பழங்களுக்கு மேல், கதவு திறந்திருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி சிமிட்டிக்கொண்டே இருந்தது. காசு போடும் முன்கதவை நன்றாகத்தான் மூடியிருந்தோம். நான் வேடிக்கை பார்த்தபடி கதவில் சாய்ந்தேன்; வரி மறைந்தது. நிமிர்ந்தேன், வந்தது. அக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். கதவு மூடும்போது அமுங்க வேண்டிய ஸ்விட்ச்சை அது எட்டவே இல்லை. என் பழைய ஹவாய் செருப்பில் ஒரு துண்டு ரப்பரை வெட்டிக் கதவில் ஒட்டினாள். கப்பலில் உலகம் சுற்றிய மெஷின் என் செருப்பால் குணமானது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசித் தொல்லை. காசு போடச் சொல்லி மெஷின் கேட்டது, போட்டால் துப்பியது. புது ஒரு ரூபாய், பழைய ஒரு ரூபாய், எதைப் போட்டாலும் தட்டில் வந்து விழுந்தது. “நம்ம காசுன்னா அதுக்கு எளக்காரமா பூட்ச்சா?” என்று சித்தப்பா அதை அறையக் கை ஓங்கினார்.

முன்கதவின் உட்பக்கம், காசு போகும் வழியில், ஒரு கவ்விக்குள் பறவை போட்ட வெளிநாட்டுக் காசு ஒன்று நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முதலே எனக்கு அதன்மேல் கண். “அக்கா, அது எனக்கு” என்று சொல்லி உருவிக்கொண்டேன். சும்மா எடுத்தால் திருட்டு, பதிலுக்கு ஒன்று வைத்தால் வியாபாரம் என்பது என் நியாயம். அதனால் அந்த இடத்தில் என் எட்டணாவைச் செருகினேன். அந்த நாளில் எட்டணாவை எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் நிறையக் கிடந்தது.

அக்கா என்னையும் கவ்வியையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவை மூடிவிட்டுக் கிண்ணத்திலிருந்து ஓர் எட்டணாவை எடுத்துப் போட்டாள். டிங் என்றது மெஷின்.

“மாதிரி காசுடி! உள்ள எது நிக்குதோ அதே மாதிரி வர்றதத்தான் எடுத்துக்குது!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். சென்னையிலேயே எட்டணாவை மதிக்கிற ஒரே இடமாக எங்கள் வீடு ஆனது.

கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டி மெஷினின் வயிற்றை நிரப்பினோம். அப்பா மீன் பையோடு உள்ளே நுழைந்தார். அதே நேரம் கரண்ட் போனது.

அப்பா நின்றுபோன ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா மட்டும் வாசலுக்குப் போய், “என் அண்ணம் பொண்ணு கப்பல் மெஷின ஓட்டப் போறா” என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லி நிறுத்தினார். வெள்ளிக்கிழமை எங்களைத் திட்டிய எல்லாரும் விசிறியோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

தலைக்கு மேலே ஃபேன் அசைந்தது. மெஷின் உச்சியில் விளக்கு வந்தது. திரை மட்டும் கறுப்பாக நின்றது. பிறகு கறுப்புக்குள்ளிருந்து மெல்ல மெல்லச் செர்ரிப் பழம் சிவந்து வந்தது.

“அமுக்குப்பா” என்றாள் அக்கா.

பெரிய பெரிய கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கிற அப்பா, ஒற்றை விரலால், சுட்டுவிடுமோ என்பதுபோல அந்தப் பொத்தானைத் தொட்டார். படங்கள் ஓடின. மணி நின்றது. இன்னொரு மணி நின்றது. மூன்றாவதும் மணி. மெஷின் ஊளையிட்டுக்கொண்டு எட்டணாக்களை எவர்சில்வர் தட்டில் சடசடவென்று கொட்டியது. வாசல் முழுக்க விசில். சித்தப்பா அழுதுகொண்டே ஆடினார். அம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து, “தள்ளு, நான் ஒருவாட்டி அமுக்குறேன்” என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா திரும்பித் தேடினார். “பரீட்ச எப்பம்மா?” என்று கத்தினார்.

“ஏப்ரல்லப்பா!” என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

ஏப்ரலில் எழுதினாள், பாஸ் செய்தாள். இன்று ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. காலேஜ் லேபில் சூட்டுக்கோல் எப்போதும் பையன்கள் கையிலேயே இருக்கும் என்பதையும், பெண்கள் ரெகார்டு எழுதினால் போதும் என்பார்கள் என்பதையும், தன் கையால் ஈயம் வைத்து ஒன்றை உயிர்ப்பித்தது அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவை என்பதையும் வெகு காலம் கழித்துத்தான் சொன்னாள்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளை முன்பக்கம் இழுத்துவரப் பின்னால் ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே அந்தச் சின்ன ஈயப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க இன்னாக்கா கீது, வெறும் ஒயரு! முன்னாடி வா, காசு கொட்டுது!”

“நீ போய்ப் பாரு. நான் இங்க பாத்துனு கீறேன்” என்றாள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று அக்காவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.