நாக்கு எட்டாத இடம்

ஜோடியில் வலப்பக்கத்து மாடு செத்துப்போன பிறகு, மிஞ்சிய இடப்பக்கத்து மாட்டை வைத்து ஒற்றைமாட்டு வண்டி ஓட்டினேன். ஜீயபுரத்து வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் வருவதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் என்றால் நானும் அதுவும். வீட்டுக்காரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கொட்டிலில் அந்த மாடு எப்போதும் இடது ஓரமாகவே படுக்கும். வலப்பக்கம் இன்னொரு மாட்டுக்கு இடம் விட்டிருக்கும். பைத்தியக்கார மாடு என்று சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து பாயில் ஓரமாகப் படுத்துக்கொள்வேன்.

ஓர் ஆவணி மாதம் அது தவிட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. காது மடல் கொதித்தது. காலையில் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. அன்றோடு நான் கடுங்காப்பியை விட்டேன். மெல்ல நடத்திக் காவேரிப் பாலத்தைக் கடந்து, திருச்சி மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒருவர், “சந்தைக்குங்களா?” என்றார்.

“ஆமாங்க. என்னை விக்கத்தான் ஓட்டிட்டுப் போவுது.”

டாக்டர் மாட்டின் இமையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியைத் தூக்கினார். ஆமணக்குக் கொட்டை மாதிரி உண்ணிகள் ஒட்டிக் கிடந்தன.

“ஒத்த மாடுங்களா?”

“ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?”

“விலா, தொடையெல்லாம் சுத்தமா இருக்கு. அங்க அதுக்கே நாக்கு எட்டும். கழுத்துக்கு எட்டாது. ஜோடி இருந்தா ஒண்ணுக்கொண்ணு நக்கி விட்டுக்கும். இப்ப இதுக்கு யாரு இருக்கா?”

எந்தக் கேள்விக்கும் ஒரு நையாண்டியை மடியில் முடிந்து வைத்திருப்பவன் நான். அன்று குனிந்து ஓர் உண்ணியைப் பிடுங்கப் பார்த்தேன்.

உண்ணி கடித்ததில் ரத்தத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார். ஊசியை எடுத்தார். ஊசி மாட்டுக்கு, கண்ணை இறுக்கிக்கொண்டது நான். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே குத்தினார். கடைசியில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: “நாளைக்குத் தீனி எடுத்துட்டா பொழைச்சிடும்.”

மறுநாள் விடிந்ததும் கொட்டிலுக்குப் போனேன். டாக்டர் செய்த மாதிரியே இமையைப் புரட்டினேன். உள்ளே நீலம். உதட்டைத் தூக்கினேன். ஈறும் நீலம், இங்கி புட்டியைக் கவிழ்த்த மாதிரி. உடம்பு நீலம் பாய்ந்தால் பாம்புக்கடி என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எடுத்தேன் ஓட்டம்.

வழியில் கோயில் மடைப்பள்ளிக்கு என்னிடம் இலை வாங்கும் பெரியவர் மறித்தார். “என்னங்காணும், இலை எங்கே?”

“மாடு நீலமாயிடுச்சு சாமி.”

“பெருமாளுக்கு இலை சுமந்த மாடோன்னோ? அவர் நிறத்தையே குடுத்து அனுக்ரஹம் பண்ணிட்டார் போம்.”

வேறு நாளாக இருந்தால் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் கை இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க நின்ற எனக்குப் பின்னால் டாக்டர் எட்டிப் பார்த்தார். “மாடு எங்கங்க?”

“வீட்டுல.”

“அப்ப நான் யாரு இமையைப் புரட்டிப் பாக்கறது? உங்களதா?”

“பாம்பு கடிச்சிடுச்சுங்க. ஈறெல்லாம் நீலம்.”

“அந்த மருந்தே நீலங்க. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்கன்னு ஊசி போடறப்பவே சொன்னேனே.”

“கண்ண மூடிட்டு இருந்தேங்க.”

“காதையுமா?” என்று சிரித்தார். “அத விடுங்க. தீனி தின்னுச்சா?”

எனக்குத் தெரியவில்லை. நிறத்தைப் பார்த்தவன் தொட்டியைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஓட்டம் வரவில்லை. பாலத்தின் நடுவே நின்று காவேரியை வேடிக்கை பார்ப்பவன் போல நடித்தேன். மற்றவர்களுக்கு, வீட்டில் இருக்கும் யாராவது எதிரே வந்து, ‘தின்னுடுச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். என் வீட்டில் இருந்து வரக்கூடிய ஒரே ஆள் கொட்டிலில் கட்டிக் கிடந்தது. அது பிழைக்காவிட்டால், பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் போக எனக்கு என்ன வேலை?

தொட்டி காலியாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த தவிட்டையும் அது நீல ஈறு தெரிய நக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சொல்லியனுப்பியபடி கொட்டில் சுவரின் பொந்துகளை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். உண்ணி அங்கேதான் முட்டை வைக்குமாம். வலப்பக்கத்து மாட்டின் வேலையும் என் தலையில் விழுந்தது. தினமும் சாயங்காலம், அது விட்டு வைத்திருக்கும் வலப்பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, கழுத்து மடிப்பைத் தடவி, உண்ணியை எடுத்துக் கிரசினில் போட்டுவிட்டு, வேப்பெண்ணெய் தேய்ப்பேன்.

ஒரு நாள் குனிந்திருந்தபோது, அரம் போன்ற நாக்கு என் பிடரியில் ஒரு இழுப்பு இழுத்தது. என் கழுத்தில் உண்ணி ஏதும் இல்லை. அதை நான் அதனிடம் சொல்லவில்லை.