மாதிரி லயத்தில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி

இது நடந்த விஷயம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவள் இன்னும் ஹட்டனில்தான் இருக்கிறாள். அவளுடைய அண்ணனுக்கு இதில் பாதி இன்றுவரை தெரியாது. பேய் பிசாசு என்றாலே சிரிக்கிற ஆள் அவள். இதைச் சொன்னபோது மட்டும் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

வினோதா என்று வைத்துக்கொள்வோம். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா ராசம்மா கொழுந்து பறித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால், ஜெர்மனியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த க்ளாரா என்ற மாணவிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை அவளுக்குக் கிடைத்தது. க்ளாரா நல்ல பெண்தான். ஆனால் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண் கலங்கிவிடுவாள். அந்த இரக்கம் தன் மேலும் விழக்கூடாது என்று வினோதா நினைத்தாள். "எங்கள் வீடு ஹட்டன் டவுனில். அப்பா வாத்தியார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் தேவைப்பட்டது.

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. ஹட்டனில் இரவுக் கலாசார விழா. ஒரு பக்கம் தப்பு மேளச் சத்தம், ஒரு பக்கம் காமன் கூத்து, நடுவில் கொத்துரொட்டிக் கடை. க்ளாரா எல்லாவற்றையும் பார்க்க ஓடினாள். ராசம்மா தினமும் ஏழு மணிக்கு மகளுக்குக் கோல் எடுப்பாள். பக்கத்தில் க்ளாரா இருக்கும்போது அந்தப் பேச்சு வேண்டாம் என்று, ஆறு மணிக்கே வினோதா போனின் சத்தத்தை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

மைதானத்தின் மூலையில் மாதிரிக்கு ஒரு லயத்து அறை கட்டி வைத்திருந்தார்கள். தகரக் கூரை, அடுப்பு, கொழுந்துக் கூடை. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் க்ளாரா. சரியாக 9.40க்கு உள்ளே போனார்கள். க்ளாரா ரெக்கோடரை அழுத்தினாள்.

அடுப்பில் நெருப்பு இல்லை. சிவப்புக் கடதாசிக்குள் ஒரு பல்ப் எரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஊதா நிற ஸ்வெட்டர். வினோதா தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர்.

அம்மா!

விழாக்காரர்கள் தோட்டங்களுக்கு பஸ் அனுப்பி ஆட்களைக் கூட்டி வந்தது வினோதாவுக்குத் தெரியும். அம்மாவும் அப்படி வந்துவிட்டாளா? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஊரே வேடிக்கை பார்க்க இங்கேயா உட்கார்ந்திருக்கிறாள்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா.

"உனக்கு இவரைத் தெரியுமா?" க்ளாரா இங்கிலீஷில் கேட்டாள்.

"தெரியாது. யாரோ தோட்டத்து அம்மா."

சொல்லிவிட்டாள். பெற்ற தாயைத்தான் அப்படிச் சொன்னாள்.

அம்மா இரண்டு கோப்பைகளை நீட்டினாள். வெறுந் தேத்தண்ணி. ஆவி பறந்தது. நெருப்பே இல்லாத அடுப்பில்... எப்படி?

க்ளாரா வாங்கிக் குடித்தாள். வினோதா தன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். அம்மாவின் சேலை நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

சொட்... சொட்...

நல்ல குளிர். க்ளாராவின் வாயிலிருந்து புகை வந்தது. வினோதாவின் வாயிலிருந்தும் வந்தது. அம்மாவின் வாயிலிருந்து வரவில்லை.

க்ளாரா தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள்: "அம்மா, இவர் வினோதா. ஹட்டன் டவுன் ஆள்."

அம்மா நிமிர்ந்தாள். மகளையே பார்த்தாள்.

"அப்பிடியா... டவுனு புள்ளயா."

ரெக்கோடரில் மணி 9.52.

பல்ப் அணைந்தது.

சொட்...

மறுபடி எரிந்தது.

அடுப்பருகே ஒரு பொம்மை. சாக்கில் வைக்கோல் அடைத்து, பச்சைச் சேலை சுற்றிய பொம்மை.

வினோதா வெளியே ஓடினாள். வாசலில் விழாவுக்கு உதவிக்கு நின்ற பெண்ணின் கையைப் பிடித்தாள். "உள்ள இருந்த அம்மா எங்க?"

"எந்த அம்மாக்கா? பொம்மதான வச்சிருக்கோம்."

க்ளாரா வெளிறிப்போய், ரெக்கோடரைப் போட்டுக் காட்டினாள். க்ளாராவின் குரல் இருந்தது. வினோதா "தெரியாது" என்று சொன்னது தெளிவாக இருந்தது. அம்மா பேசிய இடங்களில் மட்டும்... சொட்... சொட்...

வினோதா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எடுக்காத கோல் பதினேழு. எல்லாம் அண்ணன். 10.05க்கு அவனை அழைத்தாள்.

"பாப்பா... எங்க போயிட்ட? ஆறு மணி போல அம்மா தண்ணி புடிக்கப் போயி பீலியில வழுக்கி விழுந்துட்டாங்க. தண்ணிக்குள்ளயே கெடந்திருக்காங்க. தலையில அடி. டிஸ்பென்சரி ஐயா வந்து பாத்துட்டு கைய விரிச்சிட்டாரு. பால் ஊத்துனோம்... உசுரு போகல. 'வினோதா வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாங்க."

"இப்ப...?"

"போயிட்டாங்க பாப்பா. நேரம் குறிக்கணுமேன்னு கடியாரத்தப் பாத்தேன். ஒம்பது அம்பத்திரண்டு."

வினோதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கடைசியா கண்ண முழிச்சி என்னமோ சொன்னாங்க. 'அப்பிடியா... டவுனு புள்ளயா'ன்னாங்க. அத்தோட மூச்சு நின்னுருச்சி." அண்ணன் அழுதான். "யாரச் சொன்னாங்கன்னு இங்க ஒருத்தருக்கும் வெளங்கல. ஒனக்காவது தெரியுமா, பாப்பா?"

பக்கத்தில் க்ளாரா நின்றாள்.

"தெரியாதுண்ணே" என்றாள் வினோதா.