பட்டினி போட்ட சிம்

பேருந்து நிலைய வாசலில் ஊதா மேல்சட்டை போட்டு, இரண்டு கையிலும் இரண்டு போனோடு நிற்கிறவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. ஊருக்கு அவன் முள்ளு.

போனில் வேகம் அளக்க ஒரு செயலி இருக்கிறது. தட்டினால் ஒரு வட்டம் வரும். வட்டத்துக்குள் ஒரு முள் ஓடும். வலது கைப் போனில் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஊதாக் கம்பெனியின் சிம். முள் விருட்டென்று எழும்பி முந்நூறைத் தொடும். இடது கைப் போனில் போட்டிக்காரனான பச்சைக் கம்பெனியின் சிம். அதில் முள் ஒன்றில் படுத்துக்கொள்ளும், உதைத்தாலும் ஒன்றரை.

"நான் எதுவும் சொல்லல சார். நான் சொன்னா வியாபாரம்னு சொல்வீங்க. முள்ளு சொல்லுது, கேட்டுக்குங்க."

முள் பொய் சொல்வதில்லை. அதுதான் இதில் அழகு. அவன் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, நிலையத்துக் கூரையில், ஊதாக் கம்பெனி ஒரு குட்டி ஆன்டெனாவை வைத்திருக்கிறது. அங்கே நின்றால் முந்நூறு நிஜம். பத்தடி தள்ளிப் போனால் அது வேறு கதை. விளம்பரப் பலகையில் முந்நூறு ஆள் உயரத்துக்கு இருக்கும். பக்கத்தில் 'வரை' என்று ஒரு வார்த்தை எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இடது கைப் போனுக்குத்தான் வேலை அதிகம். ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று பங்கு உண்டு. அது தீர்ந்தால் மறுநாள் வரை கம்பெனிக்காரன் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவான். ஆகவே முள்ளு தினமும் எழுந்ததும் பல் தேய்க்கப் போகிற வழியில் பச்சைப் போனில் கடல் அலை வீடியோ ஒன்றை ஓடவிட்டு ஜன்னலில் சாய்த்து வைப்பான். இருக்கிற தரத்திலேயே உச்ச தரம், நாலு மணி நேரப் படம். அவன் குளித்துச் சாப்பிட்டுச் சட்டை மாட்டுவதற்குள் அன்றைய பங்கு காலியாகிவிடும். தொழிலில் இதற்குப் பெயர் பட்டினி போடுவது. பயிற்சியின்போது மேற்பார்வையாளர் சொன்ன பாடமே அதுதான்: "எதிரியைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசாதீங்க. பட்டினி போடுங்க. அவனே படுத்துக்குவான்."

நாலு வருஷமாக அந்த வீட்டு ஜன்னலில் கடல் அடிக்கிறது. ஒருத்தரும் நின்று பார்த்ததில்லை. முள்ளுவே மறந்துவிட்டான். செருப்பு மாட்டுகிறபோது எந்தக் கால் முதலில் என்று யார் நினைக்கிறார்கள்?

அதே வீட்டின் பின்னறையில் அவனுடைய அக்கா இருந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போனதிலிருந்து ஆறு வருஷம். வந்த முதல் மாதம் விருந்தாளி, இரண்டாம் மாதம் ஒத்தாசை, மூன்றாம் மாதத்திலிருந்து அடுப்பு, துணி, தம்பியின் இரண்டு பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் அவள் பொறுப்பு. பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இஸ்திரிப் பெட்டி, பழைய செய்தித்தாள், பாயெல்லாம் அந்த அறையில்தான் என்பதால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். அவள் புடவை மாற்றுகிறபோது கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வேலை வருகிறமாதிரி இருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லி நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் இன்டர்நெட் வழியாக. வியாழன் காலை பதினொரு மணிக்குத் தேர்வு: நாற்பது நிமிஷம், மூன்று போலி நோயாளிகள், குரல் அறுபடக் கூடாது. வேலை கிடைத்தால் தையல்கடை மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். அவள் தம்பியிடம் அந்த அறையைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உள்பக்கம் தாழ்ப்பா இருக்குடா. பெரிசு."

முள்ளுவின் மனைவிக்கு இதில் அவ்வளவு சந்தோஷமில்லை. "அவங்க போயிட்டா காலையில அடுப்பை யாரு பத்த வைப்பா, உங்க முள்ளா?" என்று அவள் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

அக்காவிடம் இருந்ததும் பச்சைச் சிம்தான். எட்டு வருஷமாக வைத்திருந்தாள். வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார் என்பதால் கேபிள் இன்டர்நெட் கிடையாது. சிம்மை விட்டால் வழியில்லை.

"இது போதுமாடா? நல்லாத்தான் ஓடுது," என்றாள்.

அந்த ஒரு தடவை முள்ளு வியாபாரம் பண்ணவில்லை. மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கம்பெனி வைத்த கணக்கில் அந்த மாதம் அவனுக்கு ஓர் ஆள் குறைந்தது உண்மை. ஆனாலும் கூடப்பிறந்தவள் விஷயம், நியாயமாகப் பார்த்துவிடுவோம் என்றுதான் நினைத்தான். திங்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இரண்டு போனையும் அவள் கட்டில்மேல் வைத்தான். அறைக்குள் கூரை ஆன்டெனா இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, கூட்டம் இல்லை. ஊதாவில் முள் முப்பதுக்குப் போய் நின்றது. பச்சையில் ஒன்று.

அவனுக்கே திக்கென்றது. "அக்கா, இதை வெச்சுக்கிட்டா எட்டு வருஷம் ஓட்டுன?"

"நல்லா கேக்குதேடா எனக்கு."

"உனக்குக் கேக்கும். அவங்களுக்குக் கேக்கணும்ல. உன் சிம்மும் இதுவும் ஒரே கம்பெனி. நான் கூட ஒண்ணும் சொல்லலக்கா, முள்ளைப் பாரு."

அவள் பார்த்தாள். தம்பி சொன்னால் பாதி நம்புவாள்; கண்ணால் பார்த்தால் முழுசாக நம்புவாள். மறுநாளே எண்ணை ஊதாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டான். மூன்று மாதத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது. அந்த மாதம் அவனுக்குக் குறைந்த ஓர் ஆளும் நிறைந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். இவன் அக்காவுக்கு இலவசமாக வைத்துக் கொடுத்தான்.

வியாழன் பதினொரு மணிக்குத் தேர்வு தொடங்கியது. வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு பேக்கிங் கம்பெனி. நானூறு பேருக்கு அங்கே பதினொரு மணிக்குத்தான் டீ இடைவேளை. நானூறு பேரும் ஒன்றாகப் போனை எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி வாசலில் குடை நட்டு அத்தனை பேருக்கும் ஊதாச் சிம் விற்றது முள்ளுதான். முதல் போலி நோயாளி நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் கொழகொழத்து, நீண்டு, போயே போய்விட்டது.

சாயங்காலம் முள்ளு அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன் பழசுக்கா. ஜன்னலும் சின்னது."

"பாவம், தேர்வு வெச்ச அந்தப் பொண்ணு, அடுத்த வியாழன் இன்னொரு தடவை கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கு. அதுதான் கடைசியாம்."

"ஜன்னல் பக்கமா உக்காரு. ஆயிடும்."

மறுநாள் காலை வாயில் நுரையோடு ஜன்னல் பக்கம் போனவன் அப்படியே நின்றான். பச்சைப் போனில் கடல் அடித்துக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்து உடைந்தது. ஒரு துளிகூட நடுங்காமல், நிற்காமல், கண்ணாடி மாதிரி. திங்கள்கிழமை காலையிலும் இதே கடல் இதே ஜன்னலில் அடித்தது. அவன் நுரையை விழுங்கிவிட்டான்.

கடலை நிறுத்தினான். பங்கு இன்னும் தீரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனான்.

"அக்கா, இங்க பாரு. நான் தப்புப் பண்ணிட்டேன். உன் பழைய சிம்தான் நல்லது." முள் அறுபதுக்குப் போய் நின்றது. "பாத்தியா? அன்னைக்கு இதைப் பட்டினி போட்டிருந்தேன்."

"எதை?"

"சிம்மை."

"சிம்முக்குச் சாப்பாடு போடுறாங்களா?"

அவன் விளக்கினான். பங்கு, கடல், மேற்பார்வையாளர், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். நாலு வருஷத்தில் அந்த முள்ளைப் பற்றி அவன் சொன்ன முதல் முழு உண்மை அது. அக்கா கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப அந்த முள்ளை நீ நெனைச்சா ஏத்தலாம், நெனைச்சா எறக்கலாம்."

"அது வந்து, ஆமா, ஆனா இப்ப..."

"திங்கக்கெழமை எறக்கிக் காட்டுன. இன்னைக்கு ஏத்திக் காட்டுற. ரெண்டுல எதுடா என் தம்பி?"

"இன்னைக்குக் காட்டுறதுதான் நெசம். சத்தியமா."

"திங்கக்கெழமை நீ சத்தியம் பண்ணல." அவள் குரல் தாழ்ந்தது. "சத்தியம் பண்ணாம சொன்னதைத்தான் நம்பத் தோணுது. நேத்து ராத்திரி சாப்பிடும்போது உன் பொண்டாட்டி உன்கிட்ட ஏதோ சொன்னா. எனக்குக் கேக்கல. இன்னைக்குக் காலையில நீ வந்து சிம்மை மாத்துங்கற."

"அவ பிள்ளைங்க ஃபீஸ் பத்திச் சொன்னாக்கா."

"சரி. ஃபீஸ்தான்."

அன்று வேலையிலிருந்து வரும்போது புது பச்சைச் சிம் ஒன்று வாங்கி வந்தான். ஊதா மேல்சட்டையோடு பச்சைக் கடைக்குள் போனவனைக் கடைக்காரர் திருடனைப் பார்க்கிறமாதிரி பார்த்தார். சிம்மை அவள் தலைமாட்டில் வைத்தான். வியாழன் காலையிலும் அது உறை பிரிக்காமல் அதே இடத்தில் இருந்தது. அக்கா புடவை மாற்றி, கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளி, ஊதாச் சிம்மோடு உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் முள்ளு அன்று பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. டீ இடைவேளையில் நானூறு பேரும் ஒரே டவரில் மொய்த்ததால்தான் லைன் அறுந்தது என்று அவனுக்கு இதற்குள் பிடிபட்டிருந்தது. பத்தே முக்காலுக்குப் பேக்கிங் கம்பெனி வாசலில் போய் நின்றான். இடைவேளை மணி அடித்ததும் ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் கையும் பாக்கெட்டுக்குப் போனது.

"அண்ணே, ஒரு நாப்பது நிமிஷம் போனை எடுக்காதீங்க. அக்கா, உங்களைத்தான். கொஞ்சம் உள்ள வைங்க."

"ஏன்டா, குண்டு வெச்சிருக்கா?"

"எங்க அக்காவுக்கு இன்டர்வியூ. லைன் போதாது."

லாரியில் பெட்டி ஏற்றுகிற ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"டேய், நீ முள்ளுதானே? இதே எடத்துல குடை நட்டு நின்னியே. நாலாயிரம் பேர் ஒண்ணாப் பாத்தாலும் அசையாது, குடும்பத்தோட பாருங்கன்னியே."

"சொன்னேண்ணே."

"அப்ப நாங்க பாத்தா உங்க அக்காவுக்கு எப்படிறா போதாமப் போகும்?"

சிரிப்பு வரிசையாகப் பரவியது. "அடேய், இவனுக்கே லைன் இல்லையாம்டா," என்று யாரோ பின்னால் இருக்கிறவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்த வேடிக்கையைப் படம் பிடிக்கப் போனை எடுக்காதவர்களும் எடுத்தார்கள். முள்ளு கையைக் கூப்பியபடி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றான். படம் நன்றாக வந்தது. அங்கேயே ஊருக்கு அனுப்பினார்கள். சுற்றிச் சுற்றி, மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். "அவங்க பேசினது எனக்குக் கேட்டுது. ஹலோ ஹலோன்னாங்க. நான் பேசினதுதான் போகல," என்றாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் இரக்கப்பட்டு ஒன்று சேர்த்துக்கொண்டாள். "விடு. உங்க லைன்லயே இப்படின்னா, அந்த ஒண்ணு காட்டுன லைன்ல போயிருந்தா மானமே போயிருக்கும்."

அவன் வாயைத் திறந்தான். எதைச் சொன்னாலும் அது இன்னொரு முள்தான் என்று தெரிந்து மூடிக்கொண்டான். தையல்கடை மாடி அறைக்கு வாரக் கடைசியிலேயே வேறு ஆள் வந்துவிட்டது.

"போனாப் போகுது அண்ணி, இங்க உங்களுக்கு என்ன குறை?" என்றாள் அவன் மனைவி. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். சிக்கனக்காரி வேறு, காசு கொடுத்து வாங்கின புது பச்சைச் சிம் உறையோடு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் எடுத்துத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை முள்ளுவுக்கு விடுமுறை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் டீ இடைவேளைச் சத்தம் ஏறியபோது, மனைவி சமையலறையில் போனை எண்ணெய்ப் புட்டிமேல் சாய்த்துத் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முள்ளு தண்ணீர் குடிக்க வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, இந்தச் சிம்மு சுத்தவே இல்ல பாருங்க. போட்டதுலேருந்து ஒரு தடவைகூட நிக்கல."

கத்தி நின்றது. அக்கா தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தாள். நாடகத்தில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் ஒரு சொட்டுகூடத் திக்காமல் இறங்கியது. அந்தக் காட்சி முடிகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பினாள்.

"நெசமாத்தான் சொன்னியாடா அன்னைக்கு?"

"ஆமாக்கா."

"இவ சொல்லிக் குடுக்கல."

"இல்லக்கா."

"என்ன, என்ன சொல்லிக் குடுக்கல?" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா கத்தியை எடுத்துக்கொண்டாள். "அதை வேற யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம்ல," என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு மனைவி பக்கம் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணுமில்ல. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவை, எனக்கும் கேக்கட்டும்."