மின்தடைக் கேள்வி

"சுவாசக் கருவியை இயக்குபவர் திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அத்தேர்வை அந்தந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவரே வகுத்து நடத்தலாம்." விதி இவ்வளவுதான். மேலிடத்தைக் கேள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சுகாதாரத் துறையின் விழுப்புரம் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எனக்கு அது மனப்பாடம்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனம் மருத்துவமனைக்கு ஒரு செயற்கை சுவாசக் கருவி வந்தது. அதை இயக்கச் சென்னையில் பயிற்சி முடித்த சிஸ்டர் ஒருவரும் இருந்தார். பாக்கி தேர்வு மட்டும்தான். அங்கே போய், தலைமை மருத்துவர் சொல்லச் சொல்ல நான் கேள்விகளை எழுதினேன். குழாயை எப்படி இணைப்பது, மூச்சின் அளவை எப்படி வைப்பது, மின்சாரம் நின்றால் முதலில் என்ன செய்வது.

"காத்துப் பையை மாட்டி கையால அமுக்குவேன் சார். கரண்டு போறதுக்குக் கூடவா பரீட்சை? அதான் தெனமும் நடக்குதே" என்று சிஸ்டர் சிரித்தார்.

அன்றைக்கே நடத்தியிருக்கலாம். ஆனால் தணிக்கை என்றால் மருத்துவருக்குப் பயம். மேலே, சென்னை இயக்குநரகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கச் சொன்னார். விதியை எடுத்துக் காட்டினேன்.

"விதி உங்களுக்குத் தெரியும் சார். கையெழுத்து என்னுது."

அனுப்பினோம். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மின்தடை பற்றிய கேள்விக்கு மின்சார அலுவலகத்தின் கருத்தைப் பெறவேண்டுமாம். கேட்டோம். தங்கள் எல்லைக்குள் மின்தடையே கிடையாது என்று அவர்கள் எழுதினார்கள். அதையும் இணைத்து அனுப்பினோம். இதற்குள் ஆயுத பூஜை வந்துவிட, கருவியின் உறைமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

ஐப்பசி மழையில், மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தரையில் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. இமை திறக்கவில்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. மருந்து ஏற்றினார்கள். அது வேலை செய்யும்வரை யாராவது அவளுக்கு மூச்சுக் கொடுத்தாக வேண்டும். பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமென்றால் மருத்துவமனை ஜீப் பட்டறையில் கிடந்தது. வேறு வேலையாக நானும் அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவள் கணவனும் அவள் தம்பியும் மாற்றி மாற்றிக் காற்றுப் பையை அமுக்கினார்கள்.

"கை மரத்துப் போச்சி மச்சான், நீ புடி" என்றான் கணவன்.

"மிஷினைப் போட்டுர்றேன் சார்" என்றார் சிஸ்டர்.

"ஒப்புதல் வரலையேம்மா" என்றார் மருத்துவர். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, தேறாத ஆள கைவெக்க வுட்டேன்னு என்னத்தான் புடிப்பானுங்க."

கணவன் குங்குமம் வைத்த உறையைப் பார்த்தான். "அப்ப அந்தப் பொட்டி எதுக்குங்க நின்னுக்கினு இருக்குது? கும்புடவா?"

மருத்துவர் மருந்து இறங்குகிறதா என்று பார்க்கப் போனார். என்னிடம் இருந்தது விதி ஒன்று. அதை முன்பே சொல்லியாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். தம்பி நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே இருந்தான். சிஸ்டர்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

மேலிடத்துக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. மின்தடைக் கேள்வியை நீக்கிவிட்டுத் தேர்வை நடத்திக்கொள்ளலாம். விதிப்படி இதற்கு இவ்வலுவலகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்பதை இனியேனும் கவனத்தில் கொள்ளவும். வந்த நாளின் முத்திரையை நானே குத்தினேன். அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்று, கார்த்திகை முதல் தேதி.